பேச்சிமுத்துவைப் பற்றி ஒரு வரி

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடிதத்தில் யாரைப் பற்றி ஒரு வரி எழுதினாலும், அதை அவரிடமே சொல்லிவிட்டுத்தான் தபாலில் சேர்க்க வேண்டும். அதனால் மடத்துக் கடிதங்கள் எப்போதும் சுருக்கமாக இருக்கும்.

எழுதும் பொறுப்பு தில்லைநாயகத்துக்கு. முப்பத்தொரு வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றபின் மடத்தில் சேர்ந்தவர். அவருடைய குரு அம்மையாருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு, ஆங்கிலமும் தெரியாது. ஆணவத்தை விட்டுவிட்டேன் என்று தீட்சை வாங்கும்போது தில்லைநாயகம் சொன்னார். வாத்தியார்தனத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் மார்கரெட் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியிடமிருந்து கடிதம் வந்தது. பறவை பார்க்க வந்து, மடத்து விருந்தினர் அறையில் பத்து நாள் தங்கிப் போனவர். காட்டுக்கு எடுத்துப் போகாமல் அறையிலேயே வைத்திருந்த பழைய பைனாகுலரைக் காணவில்லையாம். இறந்துபோன கணவர் கொடுத்ததாம். அறை கூட்டுகிறவர் எடுத்திருப்பார் என்று நினைக்கிறீர்களா, போலீசுக்கு எழுதட்டுமா என்று கேட்டிருந்தார்.

அறை கூட்டுகிறவன் பேச்சிமுத்து. ஒரு காலத்தில் சைக்கிள் திருடி ஆறு மாதம் உள்ளே இருந்தவன். மடத்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. போலீஸ் இன்னொரு தடவை கூப்பிட்டால் அவன் கதி என்ன ஆகும் என்று மடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“அவன்தாம்மா,” என்றார் தில்லைநாயகம்.

“பார்த்தீங்களா?”

“பார்க்க வேற செய்யணுமா?”

“அப்ப மனசில இருக்கிறதை எழுதுங்க. அவன்கிட்டயும் சொல்லிடுங்க,” என்றார் அம்மையார்.

தில்லைநாயகம் ஆத்திரத்தோடு உட்கார்ந்து எழுதினார். ஆத்திரம் வந்தால் ஆங்கில வாத்தியாரும் தமிழில்தான் நினைப்பார். எழுதி ஒட்டுவதற்கு முன் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

“நீ எடுத்திருப்பேன்னு சந்தேகப்படுறதா எழுதியிருக்கேன்.”

பேச்சிமுத்து துடைப்பத்தைக் கீழே வைத்தான்.

“நான் எடுக்கலய்யா. நீங்க எழுதுனது எழுதுனபடி போகட்டும்.”

அவ்வளவு அமைதியாக அவன் சொன்னது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. கத்தியிருந்தாலும் கூடித்தான் இருக்கும்.

அடுத்த ஒன்றரை மாதம் தில்லைநாயகம் அறையைப் பூட்டிக்கொண்டுதான் குளிக்கப் போனார். பேச்சிமுத்து வணக்கம் சொன்னால் நடிப்பு. சொல்லாமல் போனால் குற்ற உணர்ச்சி. அம்மையார் அவனோடு சிரித்துப் பேசினால், இவரும் ஏமாந்துவிட்டார். பேச்சிமுத்து சரியாகச் சாப்பிடவில்லை. எப்போது போகச் சொல்வார்களோ என்று துணிமூட்டையைக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். பார்க்கவே பாவமாக இருந்தது. தில்லைநாயகம் மூட்டையின் அளவைப் பார்த்தார்.

மார்கரெட்டின் பதில் வந்தது.

‘மிக்க நன்றி. அவர் எடுத்திருக்க மாட்டார் என்று நீங்கள் எழுதியதே எனக்குப் போதும். போலீசுக்கு எழுதப் போவதில்லை. அவரைப் பற்றி அப்படிக் கேட்டதற்காக வெட்கப்படுகிறேன். என் மன்னிப்பை அவரிடம் சொல்லுங்கள்.’

தில்லைநாயகம் மூன்று தடவை படித்தார். பிறகு தன் கடிதத்தின் நகலைத் தேடி எடுத்தார். மாணவர்களின் தாளில் வருடா வருடம் சிவப்பு மையால் சுழித்த அதே தப்பு, அவர் கையெழுத்தில் இருந்தது.

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தில்லைநாயகம் அவர் எதிரே போய் நின்றார்.

“டவுட்னு போட்டுட்டேம்மா. சஸ்பெக்ட்னு போட்டிருக்கணும்.”

“ரெண்டும் வேறயா?”

“நமக்கு ரெண்டுமே சந்தேகம்தான். இங்கிலீஷ்ல அப்படி இல்ல. ஒருத்தன் செஞ்சிருப்பான்னு தோணினா சஸ்பெக்ட். செஞ்சிருக்க மாட்டான்னு தோணினா டவுட். நானே அவனுக்கு நற்சான்று கொடுத்த மாதிரி ஆயிடுச்சு. இன்னிக்கே திருத்தி எழுதணும்.”

“எழுதுங்க. ஒருத்தருக்கு இந்தச் சொல்லு, இன்னொருத்தருக்கு அந்தச் சொல்லுன்னு எதை வச்சு எடுப்பீங்க?”

“நடந்ததை வச்சுத்தான். அறைச் சாவி அவன்கிட்ட இருந்துச்சு. அந்தம்மா காட்டுக்குள்ள போனப்பல்லாம் அவன் இங்கதான் இருந்தான்.”

“சாவி ஒண்ணுதானா?”

“ரெண்டு.”

“இன்னொண்ணு?”

“ஆபீஸ்ல.”

“ஆபீஸ்ல யார்கிட்ட?”

“என்கிட்டதான்.”

“அந்தம்மா காட்டுக்குப் போனப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“இங்கதான் இருந்தேன். மழை வந்தா ஜன்னலைச் சாத்தப் போவேன். ரெண்டு மூணு தடவை போயிருப்பேன்.” அவர் குரல் உயர்ந்தது. “அம்மா, நான் முப்பத்தொரு வருஷம் வாத்தியாரா இருந்தவன்.”

“அவன் ஆறு மாசம் ஜெயில்ல இருந்தவன். ரெண்டுமே அந்த அறையில நடந்தது இல்லையே.”

அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“அவனைப் பத்தின வரியைத் திருத்துங்க. அதுக்குக் கீழயே ரெண்டாவது சாவி வச்சிருக்கிறவரைப் பத்தியும் ஒரு வரி எழுதிடுங்க. அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியட்டும்.”

தில்லைநாயகம் பேனா மூடியைத் திறந்தார். முதல் வரி வேகமாக வந்தது. இரண்டாவது வரியில் தன் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே,” என்றார் அம்மையார். “உங்களுக்கு எந்தச் சொல்லுன்னு நீங்களே சொல்லுங்க.”