முந்நூறு கட்டு மருந்து

அலைவாய்ப்பட்டினத்தை மாறவேள் ஆண்ட காலத்தில் அந்தத் துறைமுகத்துக்கு வராத சரக்கு கிடையாது. குதிரை வரும், கற்பூரம் வரும், கண்ணாடி வரும். ஒருநாள் புண்ணில் கட்டி அவிழ்த்த துணியும் வந்தது.

கொண்டுவந்தவர் தொம்பாரோ என்ற தூரதேசத்து வணிகர். அவர் ஊர் வைத்தியசாலைகளில் சீழ் துடைத்த பஞ்சையும் ரத்தம் காய்ந்த துணியையும் எரிக்கச் சோம்பல்பட்டு, எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைக்கச் சொல்லிக் கூலி கொடுத்தார்கள். அவர் அதை இங்கே கொண்டுவந்து மெத்தைக்காரர்களிடம் பழம்பஞ்சு என்று விற்றார். அங்கேயும் காசு, இங்கேயும் காசு.

முதல் கப்பல் போன மாதம் வந்தது. மெத்தைக்காரத் தெருவில் பதினோரு பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தில் எடைபோடும் காளத்தி எழுந்திருக்கவே இல்லை. இருபது வருஷம் அவனோடு உட்கார்ந்து சோறு தின்றவர் சுங்க அதிகாரி குழைக்காதர். இரண்டாவது கப்பல் வந்ததும் துணிக்கட்டு ஒன்றைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். குச்சியைப் போட்டுவிட்டு நேரே அரண்மனைக்கு நடந்தார்.

அங்கே தொம்பாரோ முந்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் மந்திரி விழுப்பரையர். மந்திரி வீட்டுக்கு முந்தின நாள்தான் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வந்து இறங்கியிருந்தது.

“வைத்தியசாலையிலிருந்து வந்த சரக்கு, அரசே. மருந்து இனம்” என்றார் மந்திரி. “மருந்துக்குச் சுங்கம் இல்லை, யாரும் தடுக்கவும் கூடாது என்பது தங்கள் ஆணை.”

“அது நோயைக் கொண்டுவருகிற மருந்து, அரசே” என்றார் குழைக்காதர்.

அரசர் நெற்றியைத் தேய்த்தார். “எனக்கும் பிடிக்கவில்லை, குழைக்காதரே. ஆனால் என் ஆணையை நானே மீறினால் நாளைக்கு எந்தக் கப்பல் நம்பி வரும்? ஆணையை மீறாமல் திருப்பி அனுப்பும். மூன்று நாள் தருகிறேன்.”

“முடியாவிட்டால்?” என்றார் மந்திரி, ஆசையோடு.

“பதவியை விட்டுவிடுகிறேன்” என்றார் குழைக்காதர்.

மறுநாள் துறைமுகத்தில் தொம்பாரோவை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். “மருந்து என்றே பதிந்துவிட்டேன். ஒரு காசு சுங்கம் இல்லை.”

வணிகர் முகம் மலர்ந்தது.

“ஆனால் மருந்து வெயிலில் கிடக்கக் கூடாது பாருங்கள். ஓடு போட்ட கிடங்கில் வைக்க வேண்டும், காவல் போட வேண்டும். கட்டு ஒன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு பணம் வாடகை.”

“முந்நூறு கட்டுக்கா? அநியாயம்! எல்லாத் துறைமுகத்திலும் வாடகையில் கழிவு உண்டே!”

“கழிவு வேண்டுமா? தாராளமாக. எவ்வளவு?”

“முழுக் கழிவு!”

“எழுதிக் கொடுங்கள். மந்திரியாரின் முத்திரையும் இருந்தால் என்னை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.”

ஒரு நாழிகையில் ஓலை வந்தது. ‘என் முந்நூறு கட்டுச் சரக்கிலும் எனக்குரிய கழிவு முழுவதையும் தர வேண்டியது.’ கீழே மந்திரி தம் கையாலேயே எழுதியிருந்தார்: ‘உடனே தருக.’

குழைக்காதர் உடனே தந்தார். ஆட்கள் மூக்கில் துணி கட்டி, நீளக் கழிகளால் முந்நூறு கட்டையும் பிரித்தார்கள். மருந்து ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம். மருந்துப் பக்கம் மூடி திறக்காத களிம்புச் சிமிழ் ஒன்று சேர்ந்தது. மற்றதெல்லாம் திரும்பக் கப்பலில் ஏறியது.

மூன்றாம் நாள் தொம்பாரோ தலைப்பாகை அவிழ அரண்மனைக்கு ஓடிவந்தார். “மோசம், அரசே! சரக்கைத் திருப்பி ஏற்றிவிட்டார்!”

“மருந்தைத் தடுத்தீரா?” என்று கேட்டார் அரசர்.

“இல்லை, அரசே. சிமிழ் வைத்தியரிடம் இருக்கிறது, சுங்கம் வாங்கவில்லை. இவர் கழிவு கேட்டார், ஒரு இழை மிச்சமில்லாமல் கொடுத்துவிட்டேன். இதோ ஓலை.”

“நான் கேட்டது தள்ளுபடி!”

“தள்ளுபடிதான். கப்பலுக்குள் தள்ளியாயிற்று.”

விழுப்பரையர் எழுந்தார். “சொல்லைப் புரட்டுகிறார், அரசே! அது முழுவதும் மருந்துதான்!”

“அப்படியானால் என் தப்பு” என்றார் குழைக்காதர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். “எது மருந்து என்று மந்திரியாருக்குத்தான் தெரியும். நூறு கட்டை இறக்கி அவர் வீட்டுக்கு அனுப்புகிறேன். தலையணைக்கு ஆகும்.”

“ஐயோ, வேண்டாம்! அது கழிவு! சுத்தமான கழிவு!” என்று மந்திரி அலறினார்.

சபையே பார்த்தது. அரசர் சிரித்த சிரிப்பில் மகுடம் காதுவரை சரிந்தது. மாலைக் காற்றுக்கே கப்பல் கிளம்ப வேண்டும் என்றார். காளத்தி குடும்பத்துக்கு வருஷம் தோறும் நெல் அளக்கச் சொன்னார். பிறகு குழைக்காதரைப் பக்கத்தில் அழைத்தார்.

“மந்திரி பதவி காலியாகப் போகிறது. நீர் வருகிறீரா?”

“மன்னிக்க வேண்டும், அரசே. துறைமுகத்தில் எது வந்தாலும் பிரித்துப் பார்க்கலாம். சபையில் அந்த வசதி இல்லை.”