ஏரியா, எரியா?

இந்தக் கதை எனக்குச் செவிவழியாக வந்தது. சொன்னவரும் அங்கே இருந்தவர் இல்லை. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், நீங்க பத்து வருஷமா தப்பான இடத்தைத் தோண்டிட்டு இருக்கீங்க."

இதைச் சொல்ல எபனேசர் நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பள்ளித் தமிழாசிரியர். நாற்பத்தெட்டு வயதில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி வேதவல்லி அவரைவிட ஆறு வயது சிறியவர். பழைய பாட்டுகளைப் பதிப்பிப்பார். பாட்டு சொல்லும் ஊர்களைத் தோண்டியும் பார்ப்பார்.

அன்று வேதவல்லி பல்கலைக்கழகத் துறைக் கட்டடத்தின் பின்பக்கம் உட்கார்ந்து பானை ஓடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முதல்ல உட்காருங்க சார். அப்புறம் திட்டலாம்."

எபனேசர் உட்காரவில்லை. ஓர் ஓலையின் புகைப்படத்தை நீட்டினார்.

"நீங்க 'ஏரிசூழ் மூதூர்'னு பதிப்பிச்சீங்க. அதை நம்பி ஏரிக்கரையாத் தேடுறீங்க. இங்க பாருங்க, எழுத்து மேல புள்ளி. அது ஏரி இல்ல, எரி. ஊரைச் சூழ்ந்தது தண்ணி இல்ல மேடம், நெருப்பு."

பழைய எழுத்தில் எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம். புள்ளி வைத்தால் எ. வைக்காவிட்டால் ஏ. ஆனால் ஓலை கிழிந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை. படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும்.

இந்த ஓலையில் புள்ளி இருந்தது. தெளிவாக.

"நாளைக்கு மதுரையில கட்டுரை படிக்கணும். இருபத்தஞ்சு வருஷம் அடுத்தவங்க சொன்னதையே நடத்தினவன் நான். முதன்முதலா சொந்தமா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் சொல்லக் கூடாது."

"உங்க தப்பைக் கண்டுபிடிச்சேங்கறதாலயா?"

"அதுவாவும் இருக்கலாம். அதான் என்னைக் கேக்காதீங்கங்கறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மூல ஏட்டுக்கட்டைக் கொண்டுவந்து அவிழ்த்து வைத்தார்.

எபனேசர் அந்த ஓலையைத் தேடி எடுத்தார்.

"இருக்கு மேடம்! புள்ளி இருக்கு!"

"குழியில ஒரு அடுக்குல ஒண்ணு கிடைச்சா அடுத்து என்ன செய்வோம்?"

"அதுக்குக் கீழ் அடுக்கைப் பார்ப்போம்."

வேதவல்லி மறுபடி ஓடு கழுவ உட்கார்ந்துவிட்டார்.

எபனேசர் அடுத்த ஓலையைப் பார்த்தார். அதே இடத்தில் ஒரு புள்ளி. அங்கே எழுத்தே இல்லை.

அதற்கடுத்த ஓலை. அதே இடம். புள்ளி.

ஓலைகளை ஒன்றாக அடுக்கி உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புள்ளி வழியாகப் பார்த்தார். வானம் தெரிந்தது.

"புழு," என்றார்.

"நம்ம ரெண்டு பேரையும்விட ஒழுங்கான ஆளு. ஒரு ஏடு விடாம போயிருக்கு."

எபனேசர் சிரிக்கவில்லை. கட்டுரையை எடுத்தார். தலைப்பில் 'எரி'யை அடித்தார். மேலே 'ஏரி' என்று எழுதப் போனார்.

"என்ன எழுதுறீங்க?"

"நீங்க படிச்சதுதான் சரி, மேடம்."

"புழு அப்படிச் சொல்லுச்சா?"

பேனா நின்றது.

"அப்போ நீங்க எதை வச்சு ஏரின்னு படிச்சீங்க?"

வேதவல்லி கையிலிருந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க ஊர்ல ஒரு ஏரி இருந்தது, சார்."

மறுநாள் மதுரையில் எபனேசர் புழுவைப் பற்றித்தான் படித்தாராம்.

வேதவல்லியின் அடுத்த பதிப்பை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். '…ரிசூழ் மூதூர்' என்று இருக்கிறது. முதல் எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்.