வேரில்லாத துண்டுகள்

சுருட்டி இழுத்த இழுப்பில் ரப்பர் பேண்டோடு மூன்று முடிகளும் வந்துவிட்டன. "ஸ்ஸ்" என்றாள் பொற்கொடி. பேண்டை ஜன்னல் கட்டையில் எறிந்துவிட்டுக் கட்டிலில் குப்புற விழுந்தாள். முதல் ஷிப்டு முடித்து விடுதிக்குத் திரும்பிய மதியம் அது. விடியற்காலையில் குளித்த தலையின் நடுவில் ஈரம் இன்னும் மிச்சமிருந்தது.

ரப்பர் பேண்டு விழுந்த இடத்திலேயே மெல்ல நெளிந்தது. அதைச் சுற்றியிருந்த மூன்று முடிகளும் நழுவித் தரைக்குப் போயின. தினமும் அது இப்படித்தான் செய்தது. யாருக்கும் தெரியாது என்று அதற்கு நினைப்பு.

"பாத்தாச்சு" என்றது சீப்பு. கண்ணாடிக்குக் கீழே படுத்திருந்த அதற்கு நடுவில் நான்கு பல் கிடையாது. வாய்க்குக் குறைவில்லை.

"எதை?"

"கீழ தள்ளுனதை. துடைப்பம் எங்கிட்ட எதையும் மறைக்காது."

"தலைன்னா நாலு முடி கொட்டத்தான் செய்யும். உன் பல்லுல மட்டும் என்ன பூவா சிக்கியிருக்கு?"

"எம் பல்லுல வர்றதைப் பாரு. ஒரு முனையில வெள்ளையா, கடுகைவிடச் சின்னதா ஒண்ணு இருக்கும். வேர். அது நாள் முடிஞ்சு தானா இறங்கி வந்தது. நீ தள்ளுனதுக்கு ரெண்டு பக்கமும் நுனிதான். கொட்டுனது இல்லப்பா அதெல்லாம். ஒடிஞ்சது. நீ உக்கார்ற இடத்துல."

ரப்பர் பேண்டு அதை நம்பவில்லை. தன்னைப் பற்றி அதற்குப் பெருமைதான் இருந்தது. பொற்கொடி வேலை செய்யும் தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகள் செய்கிறார்கள். தலையில் தொப்பி மாட்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. தொப்பிக்கு வெளியே ஒரு முடி தெரிந்தாலும் வரிசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். எட்டு மணி நேரம் அத்தனை முடியையும் ஒரே பிடியில் வைத்திருப்பது யார்? அதைச் சீப்பு செய்யுமா? காலையில் இரண்டு நிமிடம் வந்து கோதிவிட்டுப் படுத்துக்கொள்கிற சீப்பு!

குளியலறையிலிருந்து அறைத்தோழி ஸ்டெல்லா துண்டோடு வந்தாள். தூத்துக்குடிக்காரி. பொற்கொடியின் கட்டிலுக்குக் கீழே இருந்த தண்ணீர் கேனைக் காலால் தட்டினாள்.

"ஏட்டி, குடிக்கதுக்கு வாங்குன தண்ணியில மறுபடியும் தலை குளிச்சியா? மகாராணிக்குப் போர் தண்ணி ஆகாதோ?"

"உப்புத் தண்ணியாலதான் கொட்டுதுன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். நின்னுட்டா?"

"எங்க நின்னுச்சு. கறிவேப்பிலை எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, வெந்தயம், எல்லாம் வேருல தேச்சாச்சு. நாலு வருசத்துக்கு முன்னாடி டைபாய்டு வந்து கழுத்தோட வெட்டுனது. தோள்பட்டைக்குக் கீழ ஒரு சாண் வந்துச்சு. அங்கயே நிக்குது ஒண்ணரை வருசமா. பொங்கலுக்குப் போனப்ப அத்தை நடு வீட்டுல வச்சு சொல்லுது, இனிமே இவளுக்கு இவ்வளவுதான் வளரும்னு."

"அதுக்குத்தான் உங்கம்மா சவுரி குடுத்துவிட்டிருக்காவ. தீவாளிக்கு வச்சுக்கிட்டுப் போ."

"அதைத் தொடக்கூட மாட்டேன். தீபாவளிக்குள்ள சுடிதார் முதுகு ஜிப்பு முடியிற இடத்தைத் தொடணும். இன்னும் மூணு விரல்தான். தொடலேன்னா பார்லருக்குப் போயி பழையபடி கழுத்தோட வெட்டிட்டு வந்துர்றேன். அப்புறம் வளக்கவே போறதில்ல. இதை நெனச்சு நெனச்சு எனக்கு அலுத்துப்போச்சு."

இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள். அறையில் விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

"கேட்டியா?" என்றது சீப்பு. "கழுத்தோட."

ரப்பர் பேண்டுக்கு உள்ளே ஏதோ இழுபட்டது. கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த கூந்தலைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டது: "நான் பிடிக்கிறது வலிக்குதா?"

கூந்தல் விசிறிக் காற்றில் அசைந்தபடி சொன்னது: "நீ பிடிக்கலேன்னா நாங்க இத்தனை பேரும் ஒண்ணா நிக்க மாட்டோம். அது நிஜம். ஆனா நேத்து பிடிச்ச அதே இடத்துல இன்னைக்கும் பிடிக்கிற. ஈரமா இருக்கும்போது நாங்க நூல் மாதிரி நீண்டு கொடுப்போம். அப்பவும் பிடிக்கிற. காய்ஞ்சு சுருங்குற நேரத்துலயும் விடுறதில்ல. அப்புறம் உன் முதுகுல ஒரு இரும்பு இருக்கு, தெரியுமா?"

தெரியாது. வளையமாகச் சேர்வதற்காகத் தன் இரண்டு முனைகளையும் ஒரு சின்னத் தகட்டுக்குள் வைத்து நசுக்கியிருந்தார்கள் என்பது ரப்பர் பேண்டுக்கு அதுவரை தெரியாது. தன் முதுகை அது பார்த்ததில்லை.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீ பிரியமாத்தான் பிடிக்கிறேன்னு தெரிஞ்சுது. எப்படிச் சொல்றது?"

ஆணியில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய சவுரி கனைத்துக்கொண்டது. "எதுக்கும்மா இந்தப் பாடு? என்னைப் பாரு தங்கச்சி. ஆறு வருசம் ஆச்சு. எத்தனை கல்யாணம், எத்தனை பேர் தலை! எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஒரு இழை ஒடிஞ்சதில்ல."

"வளந்தியா?" என்று கேட்டது சீப்பு.

சவுரி உறைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் ரப்பர் பேண்டு ஒரு முடிவோடு இருந்தது. தன் பலத்தில் பாதியை மட்டும் கொடுப்பது என்று. காலை நாலரை மணிக்குப் பொற்கொடி ஈரத் தலையை உதறிப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினாள். கம்பெனி பஸ்ஸில் ஓடி ஏறினாள். ரப்பர் பேண்டு இலேசாக, உள்ளங்கையில் குருவியை வைத்திருப்பதுபோல வைத்திருந்தது. கூந்தல் நன்றாக மூச்சு விட்டது. பஸ் குலுக்கலில் பேண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அதுவும் நல்லதுதான் என்று நினைத்தது. இடம் மாறுகிறதே.

ஏழரை மணிக்கு லைன் லீடரின் குரல் கேட்டது.

"பொற்கொடி, தொப்பிக்கு வெளிய என்னது அது, தோரணமா?"

"மேடம், இப்பதான் மேடம்..."

"எந்திரிச்சுப் போங்க. கட்டிட்டு வாங்க. இன்னொரு தடவை பார்த்தேன்னா பேர் எழுதிருவேன்."

கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று பொற்கொடி பேண்டை இழுத்துப் பார்த்தாள். "இத்துப்போச்சு சனியன்" என்றாள். இரண்டு சுற்றுச் சுற்றினாள். போதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது சுற்றும் சுற்றினாள்.

மூன்றாவது சுற்றில் ரப்பர் பேண்டின் விருப்பத்துக்கு இடமே இல்லை. தன்மேலேயே தான் ஏறி, தன்னைத்தானே நெரித்துக்கொண்டது. முதுகின் தகடு உள்ளே திரும்பி ஈரமுடிக்குள் அழுந்தியது. இருட்டில், தொப்பிக்கு அடியில், ஒவ்வொன்றாக அறுபடுவதை அது கேட்டது. மிகச் சிறிய சத்தம். அது பிறந்ததிலிருந்து தினமும் இருந்த சத்தம்தான். இன்றைக்குத்தான் என்னவென்று புரிந்தது.

மதியம் கழற்றியபோது ஒன்பது முடிகள் வந்தன.

"நீ தளந்தே" என்றது சீப்பு. கேலி செய்யவில்லை. "அவ கை இறுகிருச்சு."

"அப்ப அறுந்துர்றேன். நாளைக்கே."

"அறுந்தா?"

சவுரி தொங்கிய ஆணிக்குப் பக்கத்திலேயே ஓர் அட்டை தொங்கியது. அதில் எட்டு ரப்பர் பேண்டுகள், கறுப்பு மின்ன, வரிசையாக. "அண்ணே, எங்க முறை எப்ப வரும்?" என்று அவை ஒரே குரலில் கேட்டன. "எத்தனை சுத்து வேணும்னாலும் சுத்தட்டும், நாங்க ரெடி!" ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்னத் தகடு மின்னியது. அவற்றுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

ரப்பர் பேண்டு ஜன்னல் கட்டையில் கிடந்தபடி வெகுநேரம் யோசித்தது. இறுகினால் ஒடிகிறது. தளர்ந்தால் இன்னும் ஒடிகிறது. அறுந்தால் அடுத்தது வரும். பேசினால் பொற்கொடிக்குக் கேட்காது. தன்னால் ஆகக்கூடியது என்று ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிறகு, தன் உடம்பைச் சுற்றியிருந்த ஒன்பது முடிகளைப் பார்த்தது. வழக்கம்போல அவற்றைக் கீழே நழுவவிட வேண்டிய நேரம். அது நெளியவில்லை.

"என்ன, மறந்துட்டியா?" என்றது சீப்பு.

"இல்ல. இருக்கட்டும்."

சீப்புக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. "அவ கண்ணுல பட்டா உன்னைத் தூக்கிக் குப்பையில போட்டுருவா."

"படலேன்னா கூந்தலைக் குப்பையில போட்டுருவா."

மறுநாள் பதினொன்று சேர்ந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. ரப்பர் பேண்டு எதையும் விடவில்லை. தகட்டின் இடுக்கில் சிக்கியதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. நான்கு நாளில் பார்க்கச் சகிக்காமல் ஆகிவிட்டது. மயிர் முளைத்த புழு மாதிரி இருக்கிறது என்று அட்டையிலிருந்த எட்டும் சிரித்தன. குப்பைக் கூடை கதவோரத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க ரப்பர் பேண்டு முயன்றது. பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பொற்கொடி பேண்டை எடுத்தவள் முகத்தைச் சுளித்தாள். "சீ, என்ன இது" என்றாள். கூடைப் பக்கம் கை நீண்டது. அத்தனையும் துண்டு முடிகளாக இருப்பதைப் பார்த்து நீண்ட கை பாதியில் நின்றது. ஊசி ஒன்றை எடுத்து வந்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தகட்டு இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து வெள்ளைத் தலையணை உறையில் போட்டாள். சாண் நீளம். விரல் நீளம். அரை விரல்.

"ஸ்டெல்லா, இங்க வா."

"என்னட்டி, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா முடிக்குத் திவசம் குடுக்கியா?"

"ஒரு நிமிசம் வந்து பாரேன். இதுல எதுலயாவது வேர் இருக்கா?"

ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"இல்லியே."

"நுனிதான் இருக்கு ரெண்டு பக்கமும். வேரோட கொட்டலடி. நடுவுல ஒடியுது." பொற்கொடி ரப்பர் பேண்டைத் திருப்பினாள். தகட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அது சொரசொரத்தது. ரப்பர் பேண்டு அசையாமல் இருந்தது.

"நான் வேற உப்புத் தண்ணின்னு..." ஸ்டெல்லா பாதியில் நிறுத்தினாள். "ஒண்ணரை வருசமா வேருக்கு வைத்தியம் பாத்திருக்க நீ."

பொற்கொடி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு சாண் நீளத் துண்டை எடுத்துத் தன் முதுகில், முடி முடிகிற இடத்துக்குக் கீழே வைத்துப் பார்க்க முயன்றாள். கை எட்டவில்லை. "நீ வையேன்" என்றாள். ஸ்டெல்லா வைத்தாள். துண்டு ஜிப்பு முடிகிற இடத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது.

"ஒடியாம இருந்தா எங்க வந்திருக்கும்?"

ஸ்டெல்லா அந்த இடத்தில் முதுகைத் தொட்டுக் காட்டினாள்.

பொற்கொடி கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த இடத்தைத் தேடினாள். "அப்ப வளந்துக்கிட்டுதான இருந்திருக்கு" என்றாள். "இத்தனை நாளும்."

கூந்தல் அவள் முதுகில் அசைவில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"பார்லருக்கு?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"எதுக்கு? தீபாவளிக்கு இருக்கிறதோட போறேன். சவுரி வேணாம். அத்தை என்ன வேணா சொல்லிக்கட்டும்."

ரப்பர் பேண்டு குப்பைக் கூடைக்குப் போகவில்லை. பொற்கொடி அதைச் சுத்தம் செய்து, அலமாரியில் வாய் திறந்து கிடந்த மோர்மிளகாய்ப் பொட்டலத்துக்குப் போட்டாள். அட்டையிலிருந்த எட்டும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தன. ரப்பர் பேண்டு வருத்தப்படவில்லை என்று சொல்ல முடியாது. கூந்தலின் வாசனை அதற்குப் பழகிப்போயிருந்தது. இரவெல்லாம் மோர்மிளகாய் நெடி அடித்தது. ஆனால் அது எவ்வளவு இறுகிப் பிடித்தாலும் அங்கே எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

அடுத்த நாள் பொற்கொடி முந்தின இரவிலேயே தலை குளித்து, காய்ந்த முடியோடு எழுந்தாள். பழைய பருத்தித் துப்பட்டாவின் ஓரத்திலிருந்து ஒரு கீற்றுக் கிழித்து, பிடரியில் தாழ்வாகக் கட்டினாள். அதற்கடுத்த நாள் கொஞ்சம் மேலே. இன்னொரு நாள் பின்னலைச் சுருட்டி நாலு ஊசி குத்திக்கொண்டாள். லைன் லீடர் எதுவும் சொல்லவில்லை.

அலமாரியிலிருந்து ரப்பர் பேண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை. கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. "வா வா, போயிருவான்" என்று கத்திக்கொண்டே பொற்கொடி படியிறங்கி ஓடினாள். ஸ்டெல்லா வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்று செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் குளித்த தலை. உச்சியில் இழுத்துக் கட்டிய கொண்டையிலிருந்து ரவிக்கை முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மாட்டி முடித்தவள் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோனாள். நான்கு விரல்களை உள்ளே விட்டுத் தன் ரப்பர் பேண்டை அகட்டி, இழுக்காமல் எடுத்து, மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் காயட்டும் என்று ஈர முடியை முதுகில் விரித்து விட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள்.