பீரோ சாவிக் காட்சி

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. பெயர் மணிமொழி. வில்லிவாக்கத்தில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் சின்ன நாடக அரங்கு நடத்தி வந்தார். சீடர் அருணகிரி, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், குருவைவிட இருபது வயது மூத்தவர். மனைவி கற்பகம் போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நாடகம் கற்க வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? ஒரு நகைச்சுவை நாடகமே எழுதி, தானே இயக்கவும் இறங்கிவிட்டார்.

அரங்கு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்வரிசையில் இருப்பவர் காலை நீட்டினால் நடிகர் தடுக்கி விழுவார். மேடையில் பிணமாகப் படுப்பவர் மூச்சு விடுவதுகூடத் தெரியும். அதனால் நாடகத்தில் இறந்துபோகும் மனைவியை ஒரு பெஞ்சில் கிடத்தி, தலையோடு கால் கெட்டிப் போர்வையால் மூடிவிட்டார்கள்.

முதல் ஆட்டம் முடிந்த மறுநாள் காலை அருணகிரி மாடியேறி வந்தார். முகம் சரியில்லை.

"மேடம், சாவிக் காட்சிய எடுத்துடலாம்."

"ஏன் சார்?"

"சிரிக்கிறாங்க."

"சிரிக்கத்தானே எழுதினீங்க?"

"சம்பந்தி சண்டையில சிரிக்கணும்னு எழுதினேன். அங்க ஒருத்தரும் வாயத் திறக்கல. இங்க சிரிக்கிறாங்க."

காட்சி இதுதான். மனைவி இறந்து கிடக்கிறாள். வீடு நிறையச் சனம். உடலுக்குப் போர்த்தக் கூறைப்புடவை வேண்டும். கணவன் நேராகப் போய்ப் பிணத்திடம் குனிந்து, "ஏம்மா, பீரோ சாவிய எங்க வச்சே?" என்று கேட்கிறான். பதிலுக்குக் காத்தும் நிற்கிறான்.

"அது நான் எழுதினதில்ல மேடம். நான் கேட்டது. கற்பகத்துக்கிட்ட, அத்தனை பேர் நடுவுல."

மணிமொழி பெஞ்சில் கிடந்த போர்வையை எடுத்து மடித்தார்.

"அவ சாவ நானே காமெடி ஆக்கிட்டேனா? இது அழற நாடகமா, சிரிக்கிற நாடகமா? யோசிச்சு யோசிச்சுத் தலை சுத்துது."

"இன்னைக்குச் சாயங்காலம் நீங்க படுங்க சார்."

"எங்க?"

"பெஞ்சில. பிணமா."

"அது பொம்பளப் பிணம் மேடம்."

"போர்வைக்குள்ள யாருக்குத் தெரியும்? அப்புறமும் எடுக்கணும்னு தோணினா எடுத்துடலாம்."

குரு சொன்னால் மறுக்க முடியுமா? மாலையில் படுத்தார். அந்தக் குழுவில் மேடைப் பிணத்துக்குக் கால் கட்டைவிரல்களைக் கட்டுவதில்லை. உயிரோடு இருப்பவருக்கு ஆகாது என்பார்கள். போர்வைக்குள் புழுக்கம், பாச்சை உருண்டை வாசனை. வெளிச்சம் வந்தது. ஒப்பாரி எழுந்து அடங்கியது. கணவனாக நடிக்கும் ஜெயசீலனின் காலடி பக்கத்தில் வந்து நின்றது.

"ஏம்மா, பீரோ சாவிய எங்க வச்சே?"

குரலில் துக்கத்தைவிடக் குற்றச்சாட்டுதான் அதிகம். தொலைத்தவன் தான், பழி அவள்மேல். கற்பகம் இதை ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறாள் என்று அருணகிரிக்கு அப்போதுதான் உறைத்தது. உயிர் இருந்திருந்தால், 'பீரோவுலயே தொங்குது, கண்ணத் திறந்து பாருங்க' என்று சொல்லிச் சிரித்திருப்பாள்.

அவருக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கியது. உதட்டைக் கடித்துப் பார்த்தார், அடங்கவில்லை. போர்வை ஆடியது. முன்வரிசை அதைப் பார்த்து ஒரு நொடி திகைத்துப்போய், பிறகு சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மல்லாந்து படுத்திருந்த அருணகிரிக்குக் கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு குருவிடம் வந்தார். பெரிய மனிதருக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க மேடம். பிணம் சிரிச்சிடுச்சு."

"பார்த்தேன்."

"அவங்க சிரிச்சா எனக்குக் கோவம் வருது. அங்க படுத்தா எனக்கே சிரிப்பு வருது. கூடவே அழுகையும் வருது. காலையில இருந்த குழப்பமே தேவலை மேடம்."

மணிமொழி நாற்காலிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஆட்டத்துல அந்தக் காட்சிய எடுக்கறதா, வேண்டாமா? நீங்களாவது ஒரு பதில் சொல்லுங்க."

"போர்வைக்குள்ள சிரிச்சாங்களே அந்தம்மா, அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க சார்."