பொங்கி வழிந்த குளுமை

வேலூரில் அடுக்குமாடி கட்டிய குணசீலன், மொட்டை மாடியின் வெப்பத்தடுப்பு ஓடுகளை விளம்பரத்தில் மட்டும் பதித்திருந்தார். மே மாதத்தில் ஒரு தம்பதி மேல்மாடி வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர் காவலுக்கிருந்த பவுனுவைக் கூப்பிட்டார்.

“அந்த வீட்டுக்கு ஏசி என்ன, ஃப்ரிட்ஜே தேவையில்லை. நீ அங்க குடியிருக்கிற மாதிரி நடிச்சுக் காட்டணும். வீடு விக்கலைன்னா உனக்கு வேலை இல்லை.”

“சரிங்க சார்.”

மதியம் தம்பதி வந்தார்கள். குணசீலன் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே குளுமையைப் பற்றிப் பேசினார். அப்போது சமையல் மேடையில் இருந்த தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி வழிந்தது.

“இது என்னம்மா?” என்று பவுனுவிடம் கேட்டாள் வீடு பார்க்க வந்த பெண்.

“காலையில ஆட்டின இட்லி மாவுங்க. இங்க ஃப்ரிட்ஜ் வேண்டாம்னு சார்தான் சொன்னாரு. எங்க பழைய வீட்டுல பொங்க ராத்திரி முழுக்க ஆகும். சார் கட்டின வீடுன்னா சும்மாவா?”

அந்தப் பெண் குணசீலனிடம் திரும்பினாள். “முதல்ல ஓடு போடுங்க சார். அப்புறம் இவங்க மாவு வைக்கட்டும். மதியம் வரைக்கும் பொங்கலைன்னா வாங்கிக்கிறோம். வேற யார் வெச்சாலும் நம்ப மாட்டோம்.”

பவுனுவின் வேலை போகவில்லை. கட்டடத்தின் தரச்சான்று இப்போது அவள் பாத்திரத்தில் உளுந்தோடு ஊறிக்கொண்டிருக்கிறது.