வடம் திரித்த சபை

தென்னங்கரையில் எல்லோருக்கும் இரண்டு வேலை தெரியும். ஒன்று, தேங்காய் நாரில் கயிறு திரிப்பது. இன்னொன்று, பேசுவது. இரண்டில் எது அதிகம் பிடிக்கும் என்று கேட்டால், அதைப் பற்றியே அரை நாள் பேசுவார்கள்.

அந்த ஊர்ச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் பேச எழுந்தாலும் குறுக்கே மறிக்கக் கூடாது. கடைசி ஆள் பேசி முடித்து, இனி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று உட்காரும் வரைக்கும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இதில் ஊருக்கு ஏகப் பெருமை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஊருக்கு மேற்கே ஆழமான ஒரு பள்ளத்தாக்கு. அடியில் ஆறு. அந்தப் பக்கம் வரைநாடு, மலைக்காரர்களின் சின்ன நாடு. அந்த வருஷம் பக்கத்துப் பெருநாட்டு அரசன் படையோடு வரைநாட்டுக்குள் புகுந்தான். மலைக்காரர்கள் எண்பது பேர் ஒரு கணவாயை அடைத்துக்கொண்டு அவனை மறித்து நின்றார்கள். பள்ளத்தாக்கின் மேல் அரிசி போய்க்கொண்டிருந்த பழைய தொங்குபாலத்தை எதிரியின் ஆட்கள் எரித்துவிட்டதால், அந்த எண்பது பேருக்கும் சோற்றுக்கு வழி இல்லாமல் போயிற்று.

எண்பது பேரில் ஒருவனுடைய மனைவி வெள்ளச்சி. அவள் பாறை வழியாக இறங்கி, ஆற்றை நீந்தி, இந்தப் பக்கம் ஏறி, ஈரம் சொட்டச் சொட்ட சபையில் வந்து நின்றாள்.

"நூத்தியிருபது பாகத்துல ஒரு வடம் குடுங்க. அதுல கூடையைத் தொங்கவிட்டு அரிசி இழுத்துக்குவோம். பதினஞ்சு நாளைக்குத்தான் அரிசி இருக்கு."

ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். தென்னங்கரையில் தவழும் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

சபை உருகிப்போயிற்று. பாதிப் பேர் அழுதார்கள். வெள்ளச்சியின் தைரியத்தைப் பாராட்டி அப்போதே ஒரு தீர்மானம் போட்டார்கள். பிறகு, வடம் கொடுக்கலாமா கூடாதா என்று பேச ஆரம்பித்தார்கள்.

கொடுக்க வேண்டும் என்ற கட்சிக்கு வைத்தியர் நமச்சிவாயம் தலைவர். அவர் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து உட்கார மாட்டார். வடம் மட்டும் போதாது, அரிசி கொடுப்போம், படகு கொடுப்போம், உயிரையே கொடுப்போம் என்றார். அவருடைய உயிர் என்று குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

கொடுக்கக் கூடாது என்றவர் பிச்சைக்கனி, படகு கட்டுகிறவர். அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கு வடம் கொடுத்தால் நாளைக்குப் பெருநாட்டான் நம்மைத்தான் திரும்பிப் பார்ப்பான், அன்றைக்கு யார் வருவார்கள் என்று கேட்டார். மழை வரப்போகிறது, நம் படகுகளைக் கட்டக் கயிறு வேண்டாமா என்றார். அப்புறம் பழைய கதை ஒன்றை எடுத்தார். அவருடைய தாத்தா காலத்துப் பஞ்சத்தில் தென்னங்கரைக்காரர்கள் பிழைப்புத் தேடி மலைக்குப் போனபோது, இதே மலைக்காரர்கள் பாலத்தில் வழி விடாமல் திருப்பி அனுப்பினார்களாம். தாத்தா திரும்பி நடந்த வழியிலேயே தன் தங்கையைப் புதைத்துவிட்டு வந்தார்.

பேச்சு பதினோரு நாள் நடந்தது. நல்ல பேச்சு. ராட்டைகளை அப்படி அப்படியே போட்டுவிட்டு ஊரே சபையில் உட்கார்ந்தது. சுண்டல் விற்கிறவர்கள் மூன்று பேர் புதிதாக முளைத்தார்கள். வெள்ளச்சிக்குத் தினமும் ஒரு வீட்டில் வடை பாயசத்தோடு விருந்து. இலையைப் பாதியில் மூடிவிட்டு அவள் சபைக்கு ஓடி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். யாரையும் அவள் மறித்துப் பேசவில்லை.

சபையை நடத்துகிறவர் கோதண்டம். ஐம்பத்தைந்து வயது, நேர்மையான மனுஷர். பதினோராம் நாள் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. விடிந்ததும் தன் குருவைப் பார்க்கப் போனார்.

குருவின் பெயர் தாயம்மை. சீடரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அதனால் சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பார். ஊரில் யாரும் இதை விசித்திரமாக நினைத்ததில்லை. தாயம்மை ஆற்றங்கரையில் ஊறின மட்டையைத் தட்டி நார் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"குடுக்கணும்னு சொல்லுதவன் பேச்சைக் கேட்டா அது சரியா இருக்கு. கூடாதுன்னு சொல்லுதவன் பேச்சைக் கேட்டா அதுவும் சரியாத்தான் இருக்கு. அடுத்த நாட்டுச் சண்டையில நாம கை குடுக்கது தர்மமா, நம்ம சனத்தைக் காப்பாத்திக்கிட்டுச் சும்மா இருக்கது தர்மமா?"

தாயம்மை கோலைக் கீழே வைத்தார்.

"அந்தப் பிள்ளை என்ன கேட்டு வந்தது?"

"வடம். நூத்தியிருபது பாகம்."

"நம்மகிட்ட இருக்கா?"

கோதண்டம் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. ஊரில் உள்ளதிலேயே நீளமான கயிறு பிச்சைக்கனியின் பெரிய படகைக் கட்டுகிற கயிறு. அது முப்பது பாகம். நூற்றிருபது பாகத்தில் யாரும் எதுவும் திரித்ததே இல்லை. பதினோரு நாளாக ஊர் கூடி, இல்லாத வடத்தைக் கொடுக்கலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

தாயம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோதண்டம் முதலில் முகம் சிவந்தார், பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார்கள்.

அதன்பிறகு தாயம்மை ராட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சபைக்கு நடந்தார். வரிசையில் உட்கார்ந்து தன் முறை வந்ததும் எழுந்தார். எந்தக் கட்சிக்காகவும் பேசவில்லை. வடம் எங்கே என்று மட்டும் கேட்டார்.

வடம் இல்லை என்பது சபைக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒரு யோசனை சொல்லுதேன். குடுக்கதுன்னு முடிவானா வடம் வேணும். குடுக்கதில்லைன்னு முடிவானா பிச்சைக்கனி அண்ணாச்சி படகுக்கு அதை வெட்டிக்கிடலாம். எப்படியும் திரிக்கத்தானே வேணும்? யாரும் பேச்சை நிறுத்த வேண்டாம். பேசிக்கிட்டே திரிப்போம்."

பிச்சைக்கனி யோசித்தார். பேச்சை மறிக்கக் கூடாது என்றுதான் வழக்கம், கை சும்மா இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அவருக்குப் படகுக்குக் கயிறும் தேவைதான். சரி என்றார்.

சபை வாசலில் இருந்து பள்ளத்தாக்கின் விளிம்பு வரைக்கும் நேரான ஒரே தெரு. அளந்து பார்த்தால் நூற்றிருபது பாகத்துக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. தெருவின் தலைமாட்டில் நாற்பது ராட்டைகள் வந்து உட்கார்ந்தன. மடியில் நாரைக் கட்டிக்கொண்டு ஆணும் பெண்ணும் பின்பக்கமாகவே நடந்தார்கள். நடக்க நடக்க விரலில் இருந்து கயிறு நீண்டது. பேச்சும் விடாமல் நடந்தது.

முதல் நாள் ஒரு சங்கடம் வந்தது. பேசுகிறவர் தூரமாகப் போகப் போக மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. கத்த வேண்டியிருந்தது. கத்தினால் மூச்சு வாங்கியது, ஆகவே பேச்சு சுருங்கியது. வைத்தியர் நமச்சிவாயம் ராட்டை சுற்றிக்கொண்டே எழுந்து, உயிரையே கொடுப்போம் என்று ஆரம்பித்து, இரைப்பு வந்து, இப்போதைக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று முடித்தார். அவருடைய பேச்சிலேயே அதற்குத்தான் பெரிய கைதட்டல் கிடைத்தது.

ஊருக்கு அப்படி ஒரு குஷி. பதினோரு நாள் உட்கார்ந்து மரத்துப்போன கால்கள் நடந்தன. சுண்டல்காரர்கள் மூன்று பேரும் கூடையை வைத்துவிட்டு நார் பிடித்தார்கள். யாரோ பாட்டெடுத்தார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் அதற்கு எதிர்ப்பாட்டு எடுத்தார்கள். வெள்ளச்சி வந்ததில் இருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாள். அன்று சாயங்காலம் அவள் தன் இலையைப் பாதியில் மூடவில்லை.

இரண்டாம் நாள் கயிறுகளைச் சேர்த்து மூன்று புரிகள் ஆக்கினார்கள். மூன்றாம் நாள் அந்த மூன்றையும் முறுக்கி வடமாக்க வேண்டும். அதற்கு நல்ல பலமான கை ஒன்று தேவை. மூன்று பள்ளம் வெட்டிய கட்டைக்குள் புரிகளைப் போட்டு, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சபையில் இருந்து பள்ளத்தாக்கு வரைக்கும் அடிமேல் அடி வைத்துப் பின்னால் நடக்க வேண்டும். கட்டையில் இருந்து கண்ணை எடுத்தால் முறுக்கு கெட்டுவிடும். திரும்பியே பார்க்கக் கூடாது.

ஊரில் அப்படிப்பட்ட கை பிச்சைக்கனிக்குத்தான் இருந்தது.

அவர் கட்டையைப் பிடித்தார். பேச்சையும் விடவில்லை. சபையைப் பார்த்தபடி, வடம் கொடுக்கக் கூடாது என்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே, பின்னால் பின்னால் போனார். அவருக்கு முன்னால் வடம் முறுகிக்கொண்டே வந்தது. பஞ்சக் கதையை அவர் சொல்லி முடித்தபோது முதுகில் ஏதோ இடித்தது. எரிந்துபோன பாலத்தின் கல்தூண்.

கட்டையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பிச்சைக்கனி திரும்பினார்.

பள்ளத்தாக்கின் அக்கரையில், பாறை விளிம்பு நெடுக மலைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள், கிழவர்கள், கைக்குழந்தைகள். வெள்ளச்சி போனதில் இருந்து அங்கேயேதான் காத்திருக்கிறார்கள். தெருவில் கத்திப் பேசிய மூன்று நாள் பேச்சும் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

அவர்களில் ஒரு கிழவர் எழுந்து, கையை வாயருகே குவித்தார்.

"நீங்க சொன்னது நெசம்தானுங்க. அந்தப் பஞ்சத்துல எங்க ஆளுங்க வழி விடல. தப்புதான்."

பதினாலு நாளில் முதல் தடவையாகப் பிச்சைக்கனிக்குப் பேச்சு வரவில்லை. அவருடைய தாத்தா சாகும்வரைக்கும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். அப்பாவும் காத்திருந்தார். பிச்சைக்கனி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையைத் துடைக்கிற மாதிரித்தான் துடைத்தார், ஆனால் அவர் அழுதது எல்லோருக்கும் தெரிந்தது.

வடம் தெரு முழுக்க நீண்டு கிடந்தது. வெள்ளச்சி அதன் நுனியில் மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி, அந்தக் கயிற்றின் மறுநுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கத் தயாராக நின்றாள். ஆனால் இறங்கவில்லை. சபை இன்னும் முடிவு சொல்லவில்லையே. வழக்கத்தை மீறக் கூடாது என்று அவள் நின்றாள். அன்றைக்குப் பொழுது சாய்ந்தால், மலையில் அரிசி ஒரு நாளைக்குத்தான் மிச்சம்.

கோதண்டம் சபை வழக்கப்படி கேட்டார்.

"பிச்சைக்கனி, உம்ம பேச்சு முடிஞ்சுதா?"

"முடியல."

பிச்சைக்கனி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கும் பேசுவேன். நாளன்னைக்கும் பேசுவேன். பெருநாட்டான் வருவான்னு எனக்குப் பயம் இருக்கு, அது போகல. ஆனா பேச்சு முடியுறவரைக்கும் வடம் தெருவுலதான் கிடக்கணும்னு வழக்கம் உண்டா ஓய்? கட்டிப் போட்டுட்டுப் பேசுவோம். வேண்டாம்னு முடிவாச்சுன்னா, அவுக்க எனக்குத் தெரியும்."

வெள்ளச்சி அதற்கு மேல் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பாறையில் இறங்கிவிட்டாள்.

அவள் நீந்துவதை இரண்டு கரையும் பார்த்தது. அவள் அக்கரை ஏறி நின்றதும் எழுந்த சத்தத்தில் மரத்தில் இருந்த கொக்கெல்லாம் பறந்தது. மலைக்காரர்கள் கயிற்றை இழுத்தார்கள், வடம் பள்ளத்தாக்கின் மேல் மெல்ல மெல்ல ஏறிப் போயிற்று. இந்தப் பக்கத்து நுனியை வைத்தியர் நமச்சிவாயம் ஆசையோடு கல்தூணில் கட்டினார்.

பிச்சைக்கனி அதைப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை.

"வைத்தியரே, தள்ளும். நீரு போட்டது மருந்துப் பொட்டலத்துக்குத்தான் ஆகும்."

தானே உட்கார்ந்து, பெரிய படகைக் கட்டுகிற முடிச்சைப் போட்டு, காலால் உதைத்து இறுக்கி, இழுத்துப் பார்த்தார். அப்புறம் அந்தத் தூணிலேயே சாய்ந்துகொண்டு, விட்ட இடத்தில் இருந்து தன் பேச்சைத் தொடர்ந்தார். அக்கரையிலும் உட்கார்ந்து கேட்டார்கள். நல்ல இடம் வந்தபோது அங்கிருந்தும் கைதட்டல் வந்தது.

அதற்குள் வீட்டுக்கு வீடு அரிசி வந்து சேர்ந்துவிட்டது. தொங்கவிட்ட கூடையில் முதல் மூட்டையை ஏற்றத் தாயம்மை குனிந்திருந்தார். கோதண்டம் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலையே. நாம குடுக்கது சரியா?"

தாயம்மை மூட்டையின் ஒரு காதைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் காதைப் பிடிங்க அண்ணாச்சி. ஒத்தையாத் தூக்க முடியல."