லிம்பானி கேட்டது

"கதவைப் பூட்டிடட்டுமா சிஸ்டர்?"

கேட்டவர் டாக்டர் கஸ்பார். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைத் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்.

அந்தப் பங்கு மக்கள் மாதத்தில் ஒரு நாள் மீன்பிடி வருமானத்தை ஒதுக்கி, மலாவி நாட்டில் ஓர் ஏரிக்கரையில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றைத் தாங்கி வந்தார்கள். அதை நடத்துபவர் தமிழ்நாட்டிலிருந்து போய்ப் பல வருடமாக அங்கேயே இருக்கும் சிஸ்டர் எமரென்சியா. கஸ்பாரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"சிஸ்டர்கிட்ட இருந்து கத்துக்கிட்டு வாங்க" என்றுதான் பங்குச் சாமியார் கஸ்பாரை அனுப்பியிருந்தார்.

அன்று காலை ஒரு சிறுமி இறந்துபோனாள். பெயர் சிசோமோ, தாயில்லாத பிள்ளை. ஊசி போட்டவர் கஸ்பார்.

இப்போது ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது.

"பூட்ட வேண்டாம்" என்றார் சிஸ்டர்.

தகரக் கூரையில் ஒரு கல் விழுந்தது.

உள்ளே படுத்திருந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"எங்க சனம் வயித்தைக் கட்டி அனுப்புது. இவங்க கல்லெறியறாங்க!" என்றார் கஸ்பார்.

சிஸ்டர் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டார்.

"நான் தப்புப் பண்ணலை சிஸ்டர்."

"தெரியும்."

"அப்போ அதை அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க."

"வாங்க, போவோம்" என்று சிஸ்டர் கதவை அகலத் திறந்தார்.

கூட்டத்துக்கு முன்னால் சிசோமோவின் அப்பா லிம்பானி நின்றான். மீன்பிடிக்கப் போனவன், சேதி கேட்டுப் படகிலிருந்து நேரே ஓடி வந்திருந்தான். இடுப்புவரை ஈரம். கையில் துடுப்பு.

அவன் உரக்க ஏதோ கேட்டான். அவன் பாஷை கஸ்பாருக்குத் தெரியாது. பின்னால் நின்றவர்களும் கத்தினார்கள்.

கஸ்பார் படபடவென்று பேச ஆரம்பித்தார்.

"மலேரியா மூளைக்கு ஏறிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க ரொம்பத் தாமதமாக் கொண்டு வந்து விட்டுட்டுப் போனாங்க. வரும்போதே வலிப்பு. நான் போட்டது சரியான மருந்து, சரியான அளவு. சொல்லுங்க சிஸ்டர்!"

சிஸ்டர் லிம்பானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லிம்பானி ஓரடி முன்னால் வந்தான். அதே கேள்வியை மறுபடி கேட்டான்.

"ஏன் சும்மா நிக்கிறீங்க? நான் சொன்னதைச் சொல்லுங்களேன்!"

"அவர் அதைக் கேக்கலை, டாக்டர்."

"பின்னே?"

"'நான் ஏரியில இருந்துட்டேன். எம்பிள்ளை சாகும்போது பக்கத்துல யாராவது இருந்தீங்களா?' அதான் கேக்கிறார்."

கஸ்பார் லிம்பானியை நேராகப் பார்த்தார்.

"நான் இருந்தேன்" என்றார்.

சிஸ்டர் அதைச் சொன்னார். கூட்டத்தின் சத்தம் அடங்கியது.

லிம்பானி மெதுவாக இன்னொன்று கேட்டான்.

"அழுதாளான்னு கேக்கிறார்."

"இல்ல. வலிப்பு நின்னப்புறம் கொஞ்ச நேரம் கண் திறந்தா. தண்ணி கேட்டா. இவங்க பாஷையில எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான். ஸ்பூன்ல விட்டேன். முழுங்கினா." கஸ்பார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் என் மடியிலேயே..."

சிஸ்டர் ஒரு வார்த்தையும் விடாமல் சொல்லி முடித்தார்.

லிம்பானி துடுப்பைத் தரையில் வைத்தான். அருகே வந்து கஸ்பாரின் மணிக்கட்டைப் பிடித்தான். வலிக்கும்படி பிடித்தான். ஏதோ சொல்லி, இழுத்தான்.

கஸ்பார் பயந்துபோய்ச் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊர்ல குழி வெட்டிட்டு இருக்காங்களாம்" என்றார் சிஸ்டர். "'கடைசியாக் கூட இருந்தவர் வராம எப்படி அடக்கம் பண்றது?'ன்னு கேக்கிறார்."